லண்டனில் சரக்கு இருப்பு வைத்து விற்றால் எங்கே, எந்த வரி கட்ட வேண்டும்?

கேள்வி (நிலாவெளி, திருகோணமலை):
வணக்கம். எங்கள் ஊர்ப் பெண்கள் இழைக்கும் பனையோலைப் பெட்டிகளையும் கடகங்களையும் எனது கொம்பனியூடாக ஐக்கிய இராச்சியத்துக்கு விற்கிறேன். தனித்தனியே தபாலில் அனுப்பினால் கூலி பொருளின் விலையை எட்டிவிடுவதால், மொத்தமாகக் கப்பலில் அனுப்பி, ஹரோவிலுள்ள மைத்துனரின் கராஜில் வைத்து, ஓடர் வர வர அங்கிருந்து அனுப்பலாம் என எண்ணுகிறேன். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதாலும், எனது விற்பனை பெறுமதி சேர் வரிப் பதிவுக்கான 90,000 பவுண் எல்லைக்கு மிகக் கீழே நிற்பதாலும் அங்கே வரி எதுவும் வராது என்று அவர் சொல்கிறார். ஆனால் கப்பல் முகவர், இறக்குமதியாளராக யாருடைய பெயரைப் போடுவது என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் (கணக்காளர், உவர்மலை):
அந்த ஒப்பந்தம் வருமான வரி போன்றவற்றுக்கு உரியதே அன்றி, பெறுமதி சேர் வரிக்கு உரியதல்ல. 90,000 பவுண் எல்லையும் அந்நாட்டில் நிலைகொண்ட வியாபாரத்துக்கு மட்டுமே. அங்கே தாபனம் இல்லாத கொம்பனி, அங்கே இருக்கும் சரக்கைத் தானே நேரடியாக விற்றால், முதற்பெட்டியிலிருந்தே பதிவு செய்து 20 வீதம் அறவிட வேண்டும். சொல்லக் கசப்பாக இருந்தாலும், 2021 ஜனவரி முதல் 135 பவுணுக்கு மேற்படாத பொதியை இங்கிருந்து நேரே வாடிக்கையாளருக்கு விற்பவருக்கும் இதே கடமை உண்டு. இணையச் சந்தைத் தளமொன்றின் ஊடாக விற்றிருந்தால் அத்தளமே வரியைக் கட்டியிருக்கும்.

வருமான வரியிலும் கவனம் தேவை. மைத்துனர் உங்கள் சார்பில் வழமையாக ஒப்பந்தங்களை முடித்துக் கொடுத்தால், அவரே உங்கள் கொம்பனியின் நிரந்தரத் தாபனமாக, அதாவது இலாபத்துக்கு அங்கே வரி விதிக்க இடந்தரும் நிலையான வியாபார இருப்பாக, கருதப்படலாம். அவ்வாறு அங்கே கட்டும் வருமான வரிக்கு இங்கே வரவு கோரலாம், அதாவது இங்கே கட்டும் வருமான வரியில் கழிக்கலாம். பெறுமதி சேர் வரிக்குக் கோர முடியாது.

பதில் (ஏற்றுமதியாளர், திருகோணமலை நகர்):
உங்கள் கொம்பனியின் பெயரில் இறக்குவதானால், அங்குள்ள மறைமுகப் பிரதிநிதி ஒருவர் (உங்களுக்காகத் தன் பெயரில் செயற்படும் முகவர்) சுங்கப் பிரகடனம் செய்ய வேண்டும். அவரும் வரிக்குப் பொறுப்பாளியாவதால் பலர் எளிதில் சம்மதிப்பதில்லை. சிலர் அன்பளிப்புப் பொதிகளுக்கான 39 பவுண் வரிச் சலுகையை நம்பிப் பொதியில் ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்வார்கள். காசுக்கு விற்ற பொருளுக்கு அது பொய்ப் பிரகடனம். சுங்கத் தீர்வையைக் குறைக்க, 2023 ஜூன் 19 முதல் நடைமுறையிலுள்ள, வளர்முக நாடுகளுக்கான ஐக்கிய இராச்சியத்தின் வர்த்தகத் திட்டத்தைப் பயன்படுத்துங்கள். அதற்குரிய உற்பத்தி நாட்டுப் பிரகடனம் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மைத்துனரே என்னிடம் மொத்தமாக வாங்கித் தன் பெயரில் விற்றால்?

பதில் (கணக்காளர், உவர்மலை):
உங்கள் அளவு வியாபாரத்துக்கு அதுவே நேரான வழி என்பது என் கருத்து. அவர் ஈ.ஓ.ஆர்.ஐ (EORI) எனும் சுங்கப் பதிவு இலக்கம் பெற்று இறக்குமதியாளராவார். 90,000 பவுண் எல்லையும் அவருக்குப் பொருந்தும். ஆயினும் பதிவு செய்யாதவரை, இறக்கும்போது கட்டிய 20 வீதத்தை அவர் மீளப்பெற முடியாது. ஆகையால் அதைச் செலவாகக் கணக்கிட்டே விற்பனை விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

உங்களுக்கு அது சாதாரண ஏற்றுமதி. இங்கே பெறுமதி சேர் வரி பூச்சிய வீதமாகும். இலாபத்துக்கு வழமைபோல வருமான வரி உண்டு. ஏற்றுமதிப் பணம் கப்பலேற்றிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் வங்கியூடாக இலங்கைக்கு வந்து சேர வேண்டும் என்பதால், உறவு முறையைப் பார்த்துப் பாக்கியை இழுபட விடாதீர்கள். உறவினருக்கிடையிலான விற்பனை என்பதால் அந்நாட்டுச் சுங்கம் விலையைக் கேள்வி கேட்கக்கூடும்; அந்நியர் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுக்கும் விலையையே இன்வொய்ஸில் போட்டு, அதற்கான விலைப்பட்டியலையும் கோவையில் வைத்திருங்கள்.