டிசம்பர் 24-ல் பிறந்த பிள்ளைக்குப் பிறந்தநாள் எப்படி வைக்கிறீர்கள்?

பாளை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருடமாக மனசில் கிடக்கிற விஷயம், கேட்டுவிடுகிறேன். என் மகளுக்கு வருகிற டிசம்பர் 24-ல் ஏழு வயது நிறைகிறது. நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில், ஆனால் கிறிஸ்மஸுக்கு என் கணவர் ஊருக்குப் போய்விடுவோம், மெஞ்ஞானபுரம் பக்கம். அந்த 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரிய ஆரம்பித்ததும் பிள்ளைகள் காருக்குள்ளேயே கத்தத் தொடங்கிவிடுவார்கள். கணவரின் அண்ணன் குடும்பம் சென்னையிலிருந்து, கொழுந்தன் குவைத்திலிருந்து, எல்லாரும் 23-ம் தேதி ராத்திரிக்குள் வந்துவிடுவார்கள். அவ்வளவு பேரும் ஒரு வீட்டில் இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் குறை சொல்லவில்லை.

ஆனால் 24-ம் தேதி அந்த வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. அத்தை விடியுமுன்னே எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிடுவார்கள், ஆம்பிளைகள் கறிக்குச் சொல்லிவைக்கப் போய்விடுவார்கள், சாயங்காலம் கோயில் ஜோடனை, அப்புறம் மறுநாள் காலை நாலு மணி ஆராதனைக்கு எழும்ப வேண்டுமே என்று எல்லாரும் படுக்கப் பார்ப்பார்கள். போன வருடம் கேக் வெட்டும்போது ராத்திரி பத்தரை. கேக் மேலே பெரிதாக ‘ஹேப்பி கிறிஸ்மஸ்’, கீழே ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கி எழுதிய பிள்ளையின் பெயர். அவள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள், கத்தியைப் பிடித்திருந்தது என் கை. ஒரு வாரம் கழித்து போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘அம்மா, இதுல நான் கண்ணையே திறக்கலை’ என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் சேர்த்து ஒரே சட்டைதான் எப்போதும். அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டுவிடுவதால் வகுப்பில் மிட்டாய் கொடுக்கவும் வழியில்லை.

அத்தையிடம் லேசாகச் சொன்னேன். ‘ஆண்டவர் பிறப்புக்கு முந்தின நாள் பிறந்த பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்’ என்றார்கள். அவர்களை வருத்தப்படுத்தவும் எனக்கு மனசில்லை. டிசம்பர் முதல் வாரமே பாளையில் தோழிகளைக் கூப்பிட்டு வைத்துவிடலாமா, இல்லை அன்றைக்கே ஊரில் வேறு மாதிரி செய்யலாமா? இப்படித் தேதி உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாசரேத்துக்காரி:
தங்கச்சி, நான் பிறந்ததே 25-ம் தேதி. நாற்பது பிறந்தநாள் பார்த்தாச்சு, அதனால் பிள்ளை பக்கம் நின்று சொல்கிறேன். தேதியை மாற்றாதே. முன்னாலேயே ஒரு நாள் தோழிகளோடு வைத்தால் அது நல்ல விளையாட்டு, வை, ஆனால் 24-ம் தேதி காலையில் அவள் கண் முழிக்கும்போது ‘இன்னைக்குத்தான்’ என்று அவளுக்குத் தெரியும், அன்று யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் முன்னால் வைத்த விருந்து அதை ஈடுகட்டாது.

எங்கள் ஆச்சி ஒன்று செய்வார்கள். முந்திரிகொத்துக்கு மூணு மூணு உருண்டையாகச் சேர்த்துத்தானே போடுவோம், என் பிறந்தநாளுக்கு மட்டும் என் வயசுக்கு எத்தனையோ அத்தனை உருண்டை சேர்ந்த ஒரே கொத்து. சிறுபயறை வாசம் வர வறுத்து, திரித்து, எள்ளும் வறுத்த தேங்காய்ப்பூவும் ஏலமும் சுக்கும் போட்டு, உடன்குடி கருப்பட்டிப் பாகில் பிசைந்து, சூடு ஆறுமுன்னே பிடித்துவைக்கிற உருண்டை. அதை மஞ்சள் போட்ட அரிசிமாவில் முக்கி, முதல் எண்ணெயில் முதல் கொத்தாக எனக்குத்தான் விடுவார்கள். அது வெந்து வரும்வரை வேறு எதையும் சட்டியில் போடவிட மாட்டார்கள். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் சரி, அடுப்படி வாசலில் வந்து நிற்க வேண்டும், தாத்தா ஜெபம் பண்ணுவார், அப்புறம் நான் கொத்தை உடைத்து முதல் உருண்டையை ஆச்சிக்குக் கொடுப்பேன். மொத்தமே பத்து நிமிஷம். அதற்குப் பிறகு நாள் முழுக்க யாரும் என்னைக் கவனிக்காவிட்டாலும் எனக்கு ஒன்றும் தோன்றாது.

உன் அத்தை 24-ம் தேதி எண்ணெய்ச் சட்டி வைக்கிறவர்கள் என்றால் இதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடு. நீ தனியாகப் பிறந்தநாள் கேட்பதாக அவர்களுக்குத் தோன்றாது.

சிந்துபூந்துறை அப்பா:
என் மகன் பிறந்தநாள் டிசம்பர் 19. பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு என்பதால் எப்போதும் தனியாகத்தான் நடக்கும், ஹால் பிடிப்பது, பலூன் கட்டுவது என்று வருடா வருடம் கூடிக்கொண்டே போனது. 2023-ல் 17, 18 தேதிகளில் என்ன ஆனது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவிலேயே நின்று போனது, ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. தட்டுமுட்டுச் சாமானை விட்டுவிட்டு மகாராஜநகரில் என் மைனி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த வீட்டில் அன்றைக்குப் பதினாறு பேர். கரண்ட் இல்லை, பால் இல்லை.

19 காலையில் அவன் எதுவும் கேட்கவில்லை, ஐந்து வயசுப் பையன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மைனி பண்டிகைக்காகச் சுட்டு டின்னில் வைத்திருந்த அச்சுமுறுக்கை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்கினார்கள், நடு ஓட்டை வழியாக மெழுகுவர்த்தி சரியாக நின்றது. இரவுக்கு வேண்டுமே என்று ஒரு நிமிஷம் மட்டும் கொளுத்தி அணைத்தோம். பக்கத்து வீட்டில் தங்கியிருந்த, அதுவரை பேர்கூடத் தெரியாதவர்களும் வந்து பாடினார்கள். இன்று வரை ‘அந்த முறுக்குப் பிறந்தநாள் மாதிரி வைங்கப்பா’ என்றுதான் கேட்கிறான். ஹாலுக்குப் போவதை அதோடு விட்டுவிட்டோம். அம்மா, உங்கள் வீட்டில் ஏற்கெனவே அத்தனை பேர் இருக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு பாளையில் வேறு கூட்டம் சேர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

களக்காட்டுத் தம்பி:
நாசரேத் அக்கா சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு, கோபிக்க வேண்டாம். தேதியே எல்லாம் இல்லை. எங்கள் மகளை நாங்கள் தத்தெடுத்தோம். அவள் சான்றிதழில் உள்ள தேதி டிசம்பர் 25. நாங்கள் கொண்டாடுவது ஜூன் மாதத்தில், அவளை முதல்முறை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த நாளில். இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. பக்கத்தில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மா 1901 முதல் 1951-ல் இறக்கும்வரை பிள்ளைகளை வளர்த்த இடம் இருக்கிறதே, அங்கே பிள்ளைகள் வந்து சேர்ந்த நாளைத்தான் அவரவர்க்குரிய நாளாகக் கொண்டாடுவார்கள். என்றைக்குப் பிறந்தது என்றே தெரியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். எங்கள் அம்மை இதைச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு வழி தெரிந்தது. 25 அன்று என் மகள் எல்லாப் பிள்ளைகளையும் போலப் புதுச்சட்டை போட்டுக் கோயிலுக்கு வருவாள், ஜூனில் வீடே அவளுக்காக நிற்கும். உங்கள் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கிரீம் கை:
நான் வண்ணார்பேட்டையில் ஒரு பேக்கரியில் கேக்கில் எழுத்து எழுதுகிற வேலை பார்க்கிறேன். 22-லிருந்து 25 வரை எங்களுக்குத் தூக்கம் கிடையாது, கிறிஸ்மஸ் எழுத்து போட்ட கேக்குகள் முன்கூட்டியே தயாராக அடுக்கியிருக்கும், கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்கு அதிலேயே மிச்ச இடத்தில் பெயர் எழுதித் தருவோம். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் அக்கா. 15-ம் தேதிக்குள் ஆர்டர் கொடுங்கள், கிறிஸ்மஸ் வாசகம் வேண்டாம், பெயர் மட்டும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஃப்ரெஷ் கிரீம் வேண்டாம், ஒன்றரை மணி நேரம் காரில் குலுங்கிப் போனால் சரிந்துவிடும், ஊரில் ஃப்ரிட்ஜ் முழுக்கக் கறி இருக்கும். பட்டர் கிரீம் தாங்கும்.

பாளை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி நேற்று ராத்திரி தலை பின்னும்போது அவளிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘ஊர்லயே வைங்கம்மா, ஆனா வெளிச்சம் இருக்கும்போது’ என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. அப்புறம் அத்தைக்குப் போன் செய்து ஏழு உருண்டைக் கொத்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, ‘எங்க அம்மையும் பெரிய கொத்து போடுவாவ, நான்தான் விட்டுட்டேன்’ என்றார்கள். காலை ஏழு மணிக்கு முதல் எண்ணெய், எல்லாரும் அடுப்படி வாசலுக்கு வந்துவிட வேண்டும், கறிக்குப் போகிறவர்கள் அதற்குப் பிறகு போகட்டும் என்று அவர்களே முடிவு சொல்லிவிட்டார்கள். பிறந்தநாளுக்கு மஞ்சளில் ஒரு பாவாடை சட்டை தைக்கக் கொடுத்தாச்சு, பண்டிகைச் சட்டை வேறு.

அக்கா, ஒன்று மட்டும். ஏழு உருண்டை சட்டியில் பிரியாமல் இருக்க மாவு என்ன பதம்?

நாசரேத்துக்காரி:
தோசைமாவைவிடக் கெட்டியாக, இட்லிமாவுக்குக் கொஞ்சம் தளர. ஏழையும் ஒன்றாக முக்கிப் போட்டால் பிரியும். முதலில் மூணு விட்டு மேலே லேசாக வெந்ததும் அதன்மேல் மாவில் முக்கிய நாலை ஒட்டவிடு, தீயைக் குறைத்து வை, கரண்டியால் தொடாதே, தானாகப் புரளும். எண்ணெய்ப் பக்கம் பிள்ளையை விடாதே. பத்து வயசுக்கு மேலே போனால் இரண்டு கொத்தாகப் போட வேண்டிவரும், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.