உதவி டி செல்கள் பற்றி ஒரு விளக்கம் தேவை

குழுவினருக்கு வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு நோய்த்தடைக்காப்புப் பாடம் தயாரிக்கும்போது ஓரிடத்தில் தடுமாறி நிற்கிறேன். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே பி கிருமியின் மேலுறைச் சர்க்கரையை மட்டும் கொண்டிருந்த பழைய தடுப்பூசி, கைக்குழந்தைகளிடம் போதிய எதிர்ப்பொருளை உருவாக்கவில்லை. அதே சர்க்கரையை டெட்டனஸ் டாக்சாய்டு (வீரியம் நீக்கிய டெட்டனஸ் நச்சு) போன்ற ஒரு புரதத்துடன் பிணைத்துக் கொடுத்தபோதோ, நினைவு செல்களுடன் கூடிய வலுவான எதிர்ப்பு உண்டாயிற்று. உதவி டி செல்கள் (பிற நோய்த்தடைக்காப்புச் செல்களைத் தூண்டும் வெள்ளணுக்கள்), செல்லின் மேற்பரப்பில் உள்ள எம்எச்சி இரண்டாம் வகை மூலக்கூறு ஏந்திக் காட்டும் புரதத் துண்டுகளையே பெரும்பாலும் அடையாளம் காண்கின்றன என்பது வரை புரிகிறது.

அப்படியானால், புரதத்தை அறிந்த டி செல், சர்க்கரையை அறிந்த பி செல்லுக்கு (எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணு) எவ்வாறு உதவுகிறது? சர்க்கரையைப் பற்றும் பி செல் அதனுடன் ஒட்டிய புரதத்தையும் சேர்த்தே உட்கொண்டு, அதன் துண்டை வெளியே காட்டி, தன் மேற்பரப்பில் உள்ள சிடி40 என்ற ஏற்பி வழியாகவும், சைட்டோகைன்கள் என்ற செய்தி கடத்தும் புரதங்கள் வழியாகவும் டி செல்லிடமிருந்து உதவி பெறுகிறது என்ற என் புரிதல் சரியா? மாணவர்களுக்குச் சொல்லத்தக்க நல்ல உவமை (காவலர், திருடன் கதை இங்கே பொருந்தவில்லை) இருந்தாலும் தெரிவிக்க வேண்டுகிறேன்.