ஷையர் எரிந்திருக்க வேண்டுமா? முடிவுகளுக்காக நாங்கள் போட்ட சண்டைகள்

ஆக்லாந்திலிருந்து:

இங்கே வேலைக்கு வந்து இரண்டாவது வருடம்தான் மாட்டமாட்டா போக நேரம் கிடைத்தது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்காக 1999-இல் ஒரு ஆட்டுப் பண்ணையில் ஹாபிட்டன் செட் போட்டார்களே, ஹாபிட் என்ற குள்ள மனிதர்களின் கிராமம், அந்த இடம். முதலில் தற்காலிகமாகக் கட்டியதுதான். 'ஹாபிட்' படங்களுக்காக மறுபடி கட்டியபோது நிரந்தரமாகவே கட்டிவிட்டார்கள். சுற்றிக் காட்டி முடித்ததும் க்ரீன் டிராகன் விடுதியில் உட்காரவைத்து ஆளுக்கொரு கோப்பை பானம் தருவார்கள். அங்கேதான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். வெலிங்டனில் பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நான் சும்மா இருக்காமல், "நான்கு ஹாபிட்களும் ஊர் திரும்பி இங்கேதானே உட்கார்ந்தார்கள், முழுத் தொடரிலும் எனக்குப் பிடித்த காட்சி அது" என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தக் காட்சியே இருந்திருக்கக் கூடாது. இந்த ஊர் எரிந்திருக்க வேண்டும்" என்றார்.

புத்தகம் படித்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். டோல்கீன் எழுதிய கதையில் ஃப்ரோடோ, சாம் முதலான நான்கு ஹாபிட்கள் ஒரு தீய மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிப்பதற்காக ஊரைவிட்டுப் போகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போது அவர்கள் ஊரான ஷையர், சாருமான் என்ற தீய மந்திரவாதியின் ஆட்கள் கையில் இருக்கிறது. மரங்களை வெட்டிச் சாய்த்து, வீடுகளை இடித்து வைத்திருக்கிறார்கள். ஹாபிட்களே சண்டை போட்டு ஊரை மீட்கிறார்கள், அதில் 19 ஹாபிட்கள் சாகிறார்கள். சாருமான் செத்து விழுவதும் அங்கேதான், ஃப்ரோடோவின் வீட்டு வாசலில். படத்தில் இதெல்லாம் கிடையாது. முதல் படத்தில் எல்ஃப் சீமாட்டி கலாட்ரியலின் மாய நீர்க் கண்ணாடியில் ஷையர் எரிவதை ஃப்ரோடோ பார்ப்பதோடு சரி. சாருமானின் சாவு 2003-இல் தியேட்டருக்கு வந்த பிரதியில் இல்லவே இல்லை. பிறகு வந்த நீட்டித்த பதிப்பில் ஐசன்கார்ட் கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறான்.

அந்த அம்மாவின் வாதம் இது: டோல்கீன் 1916-இல் முதல் உலகப் போரின் சோம் போர்முனையில் இருந்தவர். 1918 முடிவதற்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் இழந்தவர். போருக்குப் போனவன் வீடு திரும்பினால் வீடு பழையபடி இருக்காது என்பது அவர் உடம்பால் அறிந்த விஷயம். அதை எடுத்துவிட்டால் கதையின் முதுகெலும்பே போய்விடுகிறது.

நான் பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டேன். படத்தில் அந்த நால்வரும் விடுதியில் மௌனமாக உட்கார்ந்திருக்க, ஊர்க்காரர்கள் ஒரு பெரிய பூசணிக்காயைச் சுற்றி நின்று வியந்துகொண்டிருப்பார்கள். உலகமே தப்பிப் பிழைத்திருக்கிறது, அது அங்கே யாருக்கும் தெரியாது. இவர்களும் சொல்லப்போவதில்லை. எனக்கு அது எரிந்த ஊரைவிடக் கொடுமையாகத் தெரிகிறது. வழிகாட்டி வந்து பேருந்து கிளம்புகிறது என்று சொல்லும்வரை பேசினோம். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

உங்களுக்கு இப்படி யாரிடமாவது மாட்டிக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

*

கோவையிலிருந்து:

எனக்கு நடந்தது ஹாஸ்டலில். 2014 டிசம்பர், மூன்றாவது ஹாபிட் படம் பார்த்துவிட்டு இரவு திரும்புகிறோம். அதன் முடிவில் எல்ஃப் இளவரசன் லெகோலஸிடம் அவன் அப்பா சொல்வாரே, வடக்கே போ, ஸ்ட்ரைடர் என்று ஓர் இளைஞன் இருக்கிறான், தேடிப் பிடி என்று. நான் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன். புத்தகத்தின் பின்னிணைப்புப்படி அந்த ஸ்ட்ரைடர், அதாவது அரகார்ன், பிறந்தது கதையின் நாட்காட்டியில் 2931-இல். அந்தப் படத்தில் வரும் ஐந்து படைகளின் போர் 2941-இல். பத்து வயதுப் பையனைத் தேடி எதற்குப் போகவேண்டும்?

என் அறைத்தோழன் புத்தகம் படிக்காதவன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளில் கணக்குப் போட்டு எடுத்து வந்தான். புத்தகத்தில் ஹாபிட் கதையின் நாயகன் பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃப்ரோடோ மோதிரத்தோடு கிளம்புவதற்கும் நடுவே 17 வருடம் ஓடுகிறது. படத்தில் அந்த இடைவெளி கிடையாது, மந்திரவாதி கேண்டால்ஃப் போய்விட்டு வந்த கையோடு ஃப்ரோடோ புறப்படுகிறான். அப்படியென்றால் ஹாபிட் கதைக்கும் இதற்கும் நடுவே மொத்தமே 60 வருடம். இரண்டாம் படத்தின் நீட்டித்த பதிப்பில் அரகார்ன் தன் வயது 87 என்கிறான். 87-இல் 60 போனால் 27. இளைஞன்தானே?

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் மனப்பாடமாக வைத்திருந்தது புத்தகத்தின் நாட்காட்டி, படத்துக்கு ஒரு தனி நாட்காட்டி இருக்கிறது என்று அதுவரை தோன்றியதே இல்லை. அந்த வசனம் இப்போதும் எனக்குப் பிடிக்காது. பழைய படங்களை ஞாபகப்படுத்த ஒட்டவைத்ததுபோல இருக்கிறது. ஆனால் பிழை என்று சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

*

மதுரையிலிருந்து:

எங்கள் வீட்டில் நானும் அக்காவும். சண்டை அந்த எரிமலை விளிம்பில்.

புத்தகத்தில், மோதிரத்தை முன்பு வைத்திருந்து அதற்காகவே அலையும் கோலும், ஃப்ரோடோவின் விரலைக் கடித்து மோதிரத்தைப் பிடுங்கி, சந்தோஷத்தில் ஆடி, கால் தவறி விழுகிறான். படத்தில் ஃப்ரோடோ எழுந்து போய் அவனோடு மல்லுக்கட்டுகிறான், இருவரும் விளிம்பைத் தாண்டிச் சரிகிறார்கள், ஃப்ரோடோ மட்டும் தொங்கித் தப்பிக்கிறான். இதற்கும் முன்னால் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் வேறொன்று எடுத்து வைத்திருந்தார். அதில் ஃப்ரோடோ கோலுமை நேரடியாகவே தள்ளிவிடுவான். பார்த்தால் கொலைபோல இருக்கிறது என்று அதை விட்டுவிட்டு, பிற்பாடு இப்போதுள்ள காட்சியை எடுத்தார்கள்.

அக்கா அந்தத் தள்ளும் முடிவின் பக்கம். "இவ்வளவு தூரம் நடந்தவன் கடைசியில் ஒன்றும் செய்யாமல் நிற்க, வில்லன் வழுக்கி விழுவானா? அது தற்செயல்டி, முடிவு இல்லை" என்பாள். நான் கேண்டால்ஃபை எடுப்பேன். புத்தகத்தின் தொடக்கத்தில் ஷையர் வீட்டில் அவர் ஃப்ரோடோவிடம் சொல்வதுதான் எனக்கு எல்லாம்: பில்போ அன்று கோலுமைக் கொல்லாமல் விட்ட இரக்கம் பலருடைய விதியைத் தீர்மானிக்கலாம். படத்திலும் அது இருக்கிறது, மோரியா சுரங்க இருட்டில். பில்போ கொல்லவில்லை, ஃப்ரோடோ கொல்லவில்லை, மலைச்சரிவில் கத்தியை ஓங்கிய சாமும் கொல்லவில்லை. மூன்று பேர் விட்டுவைத்ததால்தான் அந்த விளிம்பில் கோலும் இருக்கிறான். அவனைத் தள்ளிவிட்டால் அந்த மூன்று மன்னிப்பும் வீண். கடைசி நொடியில் ஃப்ரோடோவால் மோதிரத்தை எறிய முடியாமல் போனதை ஒழுக்கத் தோல்வியாக டோல்கீன் கருதவில்லை, கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்.

அதற்கு அக்கா ஒரு வெடியைப் போட்டாள். 1937-இல் வந்த ஹாபிட் முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகக் கோலுமே ஒப்புக்கொள்கிறான். பெரிய கதையான 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதும்போது அது ஒத்துவராமல் போக, 1951 பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றினார். பழைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்று ஆக்கிவிட்டார். "எழுதியவரே மாற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார், ஜாக்சன் மாற்றினால் மட்டும் உனக்குக் கோபமா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்த பிறகுதான் பிடிபட்டது. இருட்டில் பில்போ வாளோடு நின்று, கோலுமின் நிலையை நினைத்துக் கைவிடும் இடம், 1951-இல் மாற்றியபோது வந்து சேர்ந்ததுதான். அந்த இரக்கமே திருத்தத்தில் பிறந்தது! தொடர்ச்சிக்காகக் கை வைத்த இடத்தில் கதையின் உயிர் கிடைத்திருக்கிறது. ஜாக்சனும் தள்ளுவதை விட்டு மல்லுக்கட்டுக்கு வந்தபோது அதே திசையில் பாதி தூரம் வந்திருக்கிறார். மீதிப் பாதியும் வந்திருக்கலாம் என்பது என் ஆசை. அக்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

முதல் பதிவை நேற்று வாசித்தேன். உடனே எழுத ஏலவில்லை.

நாங்கள் 1990-இல், போர் நேரத்தில், வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது நாலு வயது. காணியை விட்டு நாங்கள் திரும்பப் போய்ப் பார்த்தது 26 வருடம் கழித்து. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். கிணறு பாதி தூர்ந்து கிடந்தது. அம்மா சுவர் இருந்த கோட்டின் மேலேயே நடந்து, "இது குசினி, இது சாமியறை" என்று காட்டிக்கொண்டு போனா. மரம் ஒன்றும் மிஞ்சவில்லை.

புத்தகத்தை அதற்கு முன்பே கொழும்பில் இருக்கும்போது வாசித்திருந்தேன். அப்போது அந்த ஷையர் அத்தியாயம் எனக்கு இழுவையாகத்தான் இருந்தது. மலையில் கதை முடிந்த பிறகு இது எதற்கு என்று நினைத்தேன். காணியைப் பார்த்துவிட்டு வந்த கிழமை அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்து வாசித்தேன். பில்போவின் பிறந்தநாள் விருந்து நடந்த அந்த விருந்து மரத்தை வெட்டிப் போட்டிருப்பதைப் பார்த்துச் சாம் அழுகிறான்.

ஆனால் என் சண்டை டொரொண்டோவில் இருக்கும் மச்சானோடு. அவனுக்குப் படத்தின் முடிவுதான் சரி. "நான் திரும்பி வரவே இல்லையடா. இங்க வேலை முடிஞ்சு எல்லாரும் ஹொக்கி மேட்ச் பார்த்துக் கத்துவாங்கள். நான் பக்கத்தில இருப்பன். ஒருத்தனும் கேட்டதில்லை. அந்தப் பூசணிக்காய்தான் என்ர கதை" என்றான். ஃபோனில் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். நான் அந்த அம்மாவின் பக்கம், அவன் உங்கள் பக்கம். அவனை மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

படம் மாற்றிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் கலாட்ரியல் சாமுக்குத் தருவது ஒரு சின்னப் பெட்டியில் தன் தோட்டத்து மண், அதற்குள் ஒரு விதை. விருந்து மரம் நின்ற இடத்தில் அவன் அதை நடுகிறான். படத்தின் நீட்டித்த பதிப்பில் அதற்குப் பதிலாகக் கயிறு கொடுக்கிறா. ஊர் அழியாத கதையில் மண்ணுக்கு வேலையில்லைத்தானே. எனக்கு எல்லாவற்றையும்விட அந்த மண் போனதுதான் கவலை. நாங்கள் காணிக்குத் திரும்பின பிறகு முதலில் நட்டது ஒரு கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாங்கன்று.

*

ஆக்லாந்திலிருந்து:

இதைப் படித்துவிட்டு நான் அன்று எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்தேன். ஏரிக்கரையில் நிற்கும் விருந்து மரம் நிஜ மரம். அந்தப் பண்ணையைத் தேர்ந்தெடுக்கவே அதுதான் முக்கியக் காரணம் என்றார் வழிகாட்டி. பில்போ வீட்டுக்கு மேலே இருக்கும் ஓக் மரம் செயற்கை. ஹாபிட் கதை 60 வருடம் முந்தியது என்பதால் மரமும் இளசாகத் தெரிய வேண்டும் என்று இலை இலையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் முகவரி கேட்டு வாங்காமல் விட்டுவிட்டேன். உங்கள் பதிவை அவருக்குக் காட்டியிருப்பேன்.

ஒன்று கேட்கட்டுமா? அந்த மாங்கன்று இப்போது எப்படி இருக்கிறது?

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

காய்க்கிறது. கிளை அத்திவாரத்துக்கு மேலே வந்துவிட்டது. அம்மா வெட்ட விடுகிறா இல்லை.