70 நிமிடத்துக்குள் கரையேறுதல்: நெடுந்தூர ட்ரையத்லான் அனுபவப் பகிர்வு

கோவைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, ஏழு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். ஆகையால், 39 வயதில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்தபோது, சைக்கிளையும் ஓட்டத்தையும் நினைத்துத்தான் பயந்தேனே தவிர, நீச்சலைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது, எப்படி அதை மீட்டேன் என்பதை இந்தப் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கலந்துகொண்டது கோவாவில், பணஜியின் மிராமர் கடற்கரையில் நடக்கும் அயர்ன்மேன் 70.3. இந்தப் போட்டி அங்கே முதன்முறையாக 2019 அக்டோபரில் நடந்தது. கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறுதியாக 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். மூன்றையும் கூட்டினால் 70.3 மைல் வருவதால் அந்தப் பெயர். எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது போக, நீச்சலுக்குத் தனியாக ஒரு மணி பத்து நிமிடம் என்று வரம்பு உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே விடியற்காலையில் பயிற்சி எடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்குப் பக்கத்தில் ஓடுகிறவர் எதிராளி அல்ல. இந்த நேர வரம்பு ஒன்றைத்தான் நாம் வெல்ல வேண்டியிருக்கிறது.

கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். தலை மேலே இருந்தால் இடுப்பும் காலும் கீழே இறங்கிவிடும். உடல் சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். கிணற்றின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போக அது தாராளமாகப் போதும், ஆனால் 1.9 கிலோமீட்டருக்குப் போதாது. ஃப்ரீஸ்டைலில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை உள்ளேயே முழுவதுமாக வெளியேற்றி, பக்கவாட்டில் திரும்பி ஒரு நொடிக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். மூச்சை அடக்கிப் பழகிய எனக்கு, அதைத் தண்ணீருக்குள் விடுவதற்கே நான்கு மாதம் பிடித்தது. 25 மீட்டர் குளத்தில் முதல் வாரம் ஒரு நீளம் போய்விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவன், பத்து மாதத்தில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 10 நொடி என்ற வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் நீந்தும் நிலைக்கு வந்தேன். வரம்புக்குள் முடிக்க 100 மீட்டருக்கு ஏறக்குறைய 3 நிமிடம் 41 நொடி இருந்தாலே போதும். கணக்குப்படி எனக்குப் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

2022 நவம்பரில் மிராமர் மணலில் நின்றபோது அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் நின்றேன். எல்லாரையும் ஒரே நேரத்தில் இறக்காமல், அவரவர் எதிர்பார்க்கும் நேரத்தின்படி வரிசைப்படுத்திச் சிலர் சிலராகக் கடலுக்குள் விடுவார்கள்; கணுக்காலில் கட்டிய, நேரத்தைப் பதியும் சிப் தொடக்க விரிப்பைத் தாண்டும்போதுதான் நம்முடைய நேரம் தொடங்கும். மாண்டவி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. முகத்தை உள்ளே வைத்ததும் என் முன்னங்கையே எனக்குத் தெரியவில்லை. குளத்தின் அடியில் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பத்து மாதம் நேராக நீந்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. யாரோ ஒருவரின் கால் என் கண்ணாடியில் பட்டு உப்புநீர் உள்ளே வந்தது. அலை மேலே தூக்கும் நேரத்தில் மூச்சு இழுக்காமல் இறக்கும் நேரத்தில் இழுத்ததால் இரண்டு முறை தண்ணீரைக் குடித்தேன். அதற்குப் பிறகு மூச்சு என் வசத்தில் இல்லை.

பாதுகாப்புக்காகக் காயக் படகுகளில் தன்னார்வலர்கள் நிற்பார்கள். படகைப் பிடித்து ஓய்வெடுக்க விதி அனுமதிக்கிறது. அது நம்மை முன்னோக்கி இழுத்துக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான். நான் அதைப் பிடித்தபோது என் விரல்கள் அந்த மஞ்சள் பிளாஸ்டிக்கில் வெளுத்துப் போயிருந்ததை இன்றும் கண்முன் காண்கிறேன். படகில் இருந்த இளைஞர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாத குரலில், மூச்சை முதலில் வெளியே விடுங்கள், இழுப்பது தானாக வரும் என்று இந்தியில் சொன்னார். பத்து முறை ஊதினேன். நடுக்கம் நின்றது. பிறகு மிதவையிலிருந்து மிதவைக்கு என்று நீந்தி வெளியே வந்தபோது 74 நிமிடம் ஆகியிருந்தது. அதிகாரி ஒருவர் குனிந்து என் கணுக்காலிலிருந்து சிப்பைக் கழற்றிக்கொண்டார். என் கைக்கடிகாரம் நான் நீந்திய தூரத்தை 2,250 மீட்டர் என்று காட்டியது. பயத்தால் போனது சில நிமிடங்கள்தான்; பெரும்பகுதி நேரத்தை வளைந்து வளைந்து போய்க் கூடுதலாக நீந்திய 350 மீட்டர் தின்றுவிட்டது.

ஆகவே, வேகம் கூட்டுவதைவிட நேராகப் போவதை முதலில் பழகுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். அடுத்த ஓராண்டு, குளத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு எட்டு வீச்சு நீந்தி, பிறகு கண் திறந்து எவ்வளவு விலகியிருக்கிறேன் என்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் போயிருந்தேன், இடக்கை அதிகமாக இழுத்ததே காரணம். முதலை தலை தூக்குவதுபோலக் கண் மட்டும் நீருக்கு மேலே வரும்படி தலையை உயர்த்தி, மிதவையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூச்சைப் பக்கவாட்டில்தான் எடுப்பது என்று பழகினேன். மிதவை சிறியது, அலையில் மறையும். அதற்கு நேர் பின்னால் கரையில் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ முந்தைய நாளே குறித்து வைத்துக்கொள்வது மிக உதவும். வெதுவெதுப்பான நீர் என்பதால், குளிர்நாடுகளில் உடலை மிதக்கவைக்கும் ரப்பர் உடை நமக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உடலைக் கிடைமட்டமாக வைத்திருப்பது முழுக்க முழுக்க நம் பொறுப்பு.

2023 அக்டோபரில் 58 நிமிடத்தில் கரையேறினேன். சைக்கிளில் சொல்வதற்கு அதிகம் இல்லை. முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது, 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற விதியை மதித்து, மூன்று மணி 35 நிமிடத்தில் முடித்தேன். ஓட்டத்தில் நண்பகல் வெயில் என்னைப் பாதி நேரம் நடக்க வைத்தது. மொத்தம் 7 மணி 52 நிமிடம்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. சிங்கப்பூரில் பணியாற்றும் பெண் நான். என் கதை கடலில் இல்லை, தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது.

2018இல் மலேசியாவின் லங்காவித் தீவில் முழு அயர்ன்மேனில் கலந்துகொண்டேன்: நீச்சல் 3.8, சைக்கிள் 180, ஓட்டம் 42.2 கிலோமீட்டர், வரம்பு 17 மணி நேரம். அந்தத் தீவின் மேடுபள்ளமான சாலைகளில், ஈரம் நிறைந்த காற்றில், வியர்வை ஆவியாகாமல் அப்படியே வழிந்துகொண்டிருக்கும். வெயிலுக்குப் பயந்து, வழியில் தண்ணீர் கொடுக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் வாங்கிக் குடித்தேன், வெறும் தண்ணீராக. ஓட்டத்தின் 18ஆவது கிலோமீட்டரில் மோதிரம் விரலை இறுக்கியது. சற்று நேரத்தில் குமட்டலும் தலைவலியும் வந்தன. நீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் குடித்தேன். மருத்துவக் கூடாரத்தில் எடை பார்த்தபோது, காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தேன். அத்தனை மணி நேரம் உழைத்த உடல் எடை கூடியிருக்கிறது என்றால், குடித்தது வியர்த்ததைவிட அதிகம் என்று பொருள். இரத்தத்தில் சோடியத்தின் அளவு நீர்த்துப் போய்விட்டது. முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது. அன்று போட்டி எனக்கு அங்கேயே முடிந்தது.

அதன் பிறகு நான் செய்த எளிய சோதனையை எல்லாரும் செய்யலாம். போட்டி நாளின் வெயிலைப் போன்ற ஒரு நாளில், எடை பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டி, உடலைத் துடைத்து மறுபடி எடை பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்ததையும் கூட்டினால் உங்கள் ஒரு மணி நேர வியர்வை கிடைக்கும். எனக்கு அது 1.3 லிட்டர். உடை காய்ந்ததும் அதில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்தால், உங்கள் வியர்வையில் உப்பு அதிகம் என்று கொள்ளலாம். அடுத்த ஆண்டு பாட்டில்களில் உப்புக் கரைசலை நிரப்பி, வியர்த்ததைவிடச் சற்றுக் குறைவாகவே குடித்து, 15 மணி 48 நிமிடத்தில் முடித்தேன். மோதிரத்தை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

* * *

கோவை நண்பர் குளத்தில் பழகியதாக எழுதியிருப்பதால் கடலில் பழகுவதைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குப்பங்களில், மீனவ அண்ணன் ஒருவரின் படகு உடன் வர, நாங்கள் நால்வர் ஞாயிறுதோறும் நீந்துகிறோம். தனியாக ஒருபோதும் இறங்கியதில்லை. நீரோட்டத்தை மீனவர்கள் வெள்ளம் என்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் அது வடக்கே ஓடும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். அண்ணன் ஒரு கைப்பிடி மணலைத் தண்ணீரில் போட்டு, கலங்கல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். போகும்போது வெள்ளத்துக்கு எதிராக நீந்தச் சொல்வார். கை ஓய்ந்த பிறகு திரும்பும் வழியில் அது நம்மைத் தள்ளிக்கொண்டு வரும். சில காலைகளில் கடலைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம் தம்பி என்பார். வரம்பு நேரம், பயிற்சி அட்டவணை எதையும் அவரிடம் சொல்வதில்லை. அன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போய்த் திரும்புவோம்.