கோடிங் இன்டர்வியூவில் கோடு முழுசாக எழுதியும் ரிஜெக்ட்: எங்கே சறுக்குகிறது?

நெல்லை_இசிஇ:
வணக்கம். திருநெல்வேலி பக்கம், இசிஇ இறுதியாண்டு. ஒரு பெரிய டெக் கம்பெனியில் ஃப்ரெஷர் வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட் தாண்டி, 45 நிமிட கோடிங் ரவுண்டு வரை போனேன். ரிஜெக்ட் மெயில் வந்துவிட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை.

கேள்வி இதுதான்: கொடுத்த ஸ்ட்ரிங்கில் (எழுத்துத் தொடரில்), எந்த எழுத்தும் திரும்ப வராத மிக நீளமான தொடர்ச்சியான பகுதியின் நீளம் என்ன? ஸ்லைடிங் விண்டோ (இடது, வலது என இரண்டு எல்லைகளை நகர்த்திக்கொண்டே ஸ்ட்ரிங்கை ஒரே தடவையில் பார்க்கும் முறை) என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் கடைசியாக வந்த இடத்தை டிக்‌ஷனரியில் வைத்துக்கொண்டு, அதே எழுத்து மறுபடி வந்தால்

இடது = கடைசி[எழுத்து] + 1

என்று நகர்த்தினேன். ஓடவைத்துப் பார்க்க வழியில்லாத வெறும் எடிட்டர். எழுதி முடித்ததும் அவர், "ஏபிபிஏ கொடுத்தால் என்ன வரும்?" என்றார். 2 என்றேன். "ஷ்யூரா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம், நான் தமிழ் மீடியம். யோசிக்கும்போதே ஆங்கிலத்தில் பேசவும் வேண்டும் என்றால் இரண்டுமே நின்றுவிடுகிறது. அதனால் பேசாமலே எழுதினேன். அடுத்த மாதம் வேறு கம்பெனியில் இன்டர்வியூ இருக்கிறது. லீட்கோடில் (கோடிங் பயிற்சித் தளம்) இன்னும் நிறைய கணக்கு போட்டால் சரியாகிவிடுமா?

செமிகோலன்:
ப்ரோ, அந்த ஏபிபிஏ சும்மா கேட்ட கேள்வி இல்லை. உங்கள் கோடை ஒரு தாளில் ஓட்டிப் பாருங்கள். இடங்களை 0, 1, 2, 3 என்று எண்ணுவோம்.

0இல் ஏ, 1இல் பி. இதுவரை நீளம் 2. 2இல் மறுபடி பி வருகிறது, பழைய பி இருந்தது 1இல். எனவே இடது 2 ஆகிறது. சரி. 3இல் ஏ வருகிறது. டிக்‌ஷனரி அது 0இல் இருந்தது என்கிறது. உங்கள் வரிப்படி இடது = 1. அதாவது 2இல் இருந்த இடது பின்னால் போய்விட்டது! இப்போது விண்டோ 'பிபிஏ', நீளம் 3. சரியான விடை 2தான். ஆனால் உங்கள் கோடு 3 என்று சொல்லும்.

திருத்தம் ஒரே வரிதான்: இடது = மேக்ஸ்(இடது, கடைசி[எழுத்து] + 1). அதாவது இரண்டில் பெரியதை எடுத்தால் இடது பின்னால் போகாது.

நீங்கள் சொன்ன 2, கணக்கைப் பார்த்துச் சொன்ன விடை, கோடைப் பார்த்துச் சொன்னது இல்லை. அவர் கேட்டது கோடை.

ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை) இப்படி ஒன்று பல வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. நடு இடம் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டும்போது, மிகப் பெரிய அரேயில் (பட்டியலில்) கூட்டுத்தொகை இன்ட் என்ற முழு எண் வகையின் அளவைத் தாண்டி மைனஸில் போய்விடும். அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அதை விளக்கி எழுதினார். பார்வைக்குச் சரியாகத் தெரியும் கோடை நம்பாதீர்கள்.

பெங்களூர்_அக்கா:
தம்பி, நான் ஃப்ரெஷர் இன்டர்வியூ எடுப்பவள். முடிந்ததும் நாங்கள் எழுதிக் கொடுப்பது ஒரு ரிப்போர்ட். நீ என்ன கேட்டாய், எந்த வழியை ஏன் தேர்ந்தெடுத்தாய், குறிப்பு கொடுத்தபோது என்ன செய்தாய் என்பதெல்லாம் அதில் வரும். நீ பேசாவிட்டால் அந்த இடமெல்லாம் காலியாகத்தான் இருக்கும். கோடு மட்டும் இருந்தால், மனப்பாடம் செய்து எழுதினாயா, யோசித்து எழுதினாயா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஷ்யூரா?" என்று கேட்டால் அது பெரும்பாலும் கையைப் பிடித்துத் தூக்கிவிடும் கேள்வி. உடனே "ஒரு நிமிஷம், வரிவரியாக ஓட்டிப் பார்க்கிறேன்" என்று சொல். பிழையை நீயே கண்டுபிடித்தால் அது உனக்கு ப்ளஸ், மைனஸ் இல்லை.

இன்னும் நூறு கணக்கு போடுவது இதற்கு மருந்தில்லை. போட்ட கணக்கையே எடுத்து, ஃபோனில் ரெக்கார்டு போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் போடு. ஸ்ட்ரிங் 1 லட்சம் எழுத்து நீளம் என்றால் அதில் சுமார் 500 கோடி தொடர் பகுதிகள் இருக்கும், எல்லாவற்றையும் பார்க்க நேரம் போதாது, அதனால் ஸ்லைடிங் விண்டோ என்று தொடங்கலாம். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

நெல்லை_இசிஇ:
தாளில் ஓட்டிப் பார்த்தேன். 3தான் வருகிறது. ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஆங்கிலத்துக்கு என்ன செய்வது?

பெங்களூர்_அக்கா:
யாரும் இலக்கணத்துக்கு மார்க் போடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் போதும், திரும்பத் திரும்ப அவைதான் வரும். "கேன் ஐ அஸ்யூம்…", "மை ஃபர்ஸ்ட் ஐடியா இஸ்…", "லெட் மீ டேக் எ மினிட் டு திங்க்". கடைசியாகச் சொன்னதைச் சொல்லிவிட்டு அமைதியாக இருந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சொல்லாமல் அமைதியானால்தான் சிக்கல்.

கேள்வி கேட்கவும் பழகு. இந்தக் கணக்கிலேயே "ஆங்கில எழுத்து மட்டுமா, யூனிகோடும் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) வருமா?" என்று கேட்கலாம். தமிழில் 'கி' கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் அது 'க'வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'கிகு' கொடுத்தால் உன் கோடு 'க' திரும்ப வந்ததாக நினைக்கும். இது உனக்குக் கைவந்த விஷயம், தயங்காமல் சொல்.

செமிகோலன்:
அடுத்தது அமேசான் என்றால், அவர்கள் தளத்தில் இருக்கும் 16 லீடர்ஷிப் பிரின்சிபிள்களைப் படித்துவிடுங்கள். அனுபவக் கேள்விகள் அதை ஒட்டியே வரும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டைச் சொல்லும்போது "வீ டிட்" என்றே போகாமல், உங்கள் கையால் செய்தது எது என்று "ஐ" போட்டுச் சொல்லுங்கள். சென்சார் ரீடிங் தப்பாக வந்ததா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அதுவே போதும். இசிஇ என்று தயங்க வேண்டாம்.

வார இறுதியில் நான் ஃப்ரீ. மாக் இன்டர்வியூ (ஒத்திகை) வேண்டுமானால் மெசேஜ் போடுங்கள், முதல் தடவை தமிழிலேயே பேசிப் பார்க்கலாம்.