ஆம்ப் 2 ஓம் வரைக்கும்தான், சப்வூஃபரை எப்படி இணைப்பது?

வணக்கம் நண்பர்களே. என் ஸ்விஃப்ட் டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) இரண்டு இருக்கின்றன. இரண்டுமே டூயல் 4 ஓம் காயில், அதாவது ஒவ்வொன்றிலும் 4 ஓம் காயில் இரண்டு; ஒவ்வொன்றும் 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்). மோனோ ஆம்ப் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபையர்) 4 ஓமில் 300, 2 ஓமில் 500 வாட் தரும். 2 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது.

பொருத்திய கடையில் நான்கு காயிலையும் பேரலலாகக் கொடுத்துவிட்டார்கள். பத்து நிமிஷம் பாட்டு ஓடினால் சிவப்பு ப்ரொடெக்ட் விளக்கு எரிந்து சத்தம் நின்றுவிடுகிறது, ஆம்பில் கை வைக்க முடியவில்லை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன், 0.9 ஓம். அப்போதுதான் புரிந்தது. பயத்தில் இப்போது ஆஃப் செய்தே வைத்திருக்கிறேன்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இந்த நான்கு காயிலை வைத்து 1, 4, 16 ஓம்தான் சமமாக வருகிறது, 2 வரவே இல்லை. சரி, 4 ஓமில் போட்டால் ஆளுக்கு 150 வாட். அது போதுமா, பேஸ் சப்பென்று இருக்குமா? இல்லை, இவற்றைக் கொடுத்துவிட்டு டூயல் 2 ஓம் வாங்கலாமா? 1 ஓம் தாங்கும் ஆம்ப் என் பட்ஜெட்டுக்கு எட்டாது.

அப்புறம், பேட்டரியிலிருந்து வருவது 8 கேஜ் வயர். அதையும் இன்னும் தடிமனான 4 கேஜாக மாற்ற வேண்டுமா? இதே மாதிரி செட் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.