மாமாவின் பயொப்சி ரிப்போர்ட் – எங்கள் வீட்டார் குழு

ராசன் மாமா: ரிப்போர்ட் வந்துவிட்டது. இரைப்பையில் எடுத்த கட்டி 12 மில்லிமீற்றர், "அடினோமா, லோ கிரேட் டிஸ்பிளேசியா" என்று போட்டிருக்கிறது. இது கான்சரா பிள்ளை?

தர்சினி: இல்லை மாமா. கான்சர் இல்லை. அடினோமா என்றால் சுரப்பிச் செல்களில் வளரும் கட்டி, லோ கிரேட் டிஸ்பிளேசியா என்றால் செல்கள் கொஞ்சம்தான் மாறியிருக்கின்றன. முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள்.

பெரியம்மா: வொய்ஸ் போடாதே, காலி வீதியில் பஸ்ஸுக்குள் நிற்கிறேன், ஒன்றும் கேட்காது. எழுது.

தர்சினி: சரி. லாபில் தினமும் இந்தச் சிலைடுகளைத்தான் பார்க்கிறேன். இப்படிப்பட்ட கட்டியில் செல்களின் கரு எல்லாம் சீவிய பென்சில்களை நெருக்கி நிறுத்தினதுபோல நீண்டு, கறுத்து இருக்கும், ஆனால் இன்னும் அடியிலேயே நிற்கும். மேலே ஏறி வரிசை குலைந்தால் ஹை கிரேட். அடிச்சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கினால்தான் கான்சர்.

கவின்: ஒரு ஜீன் பழுதானாலே கான்சர் வந்துவிடும் என்கிறார்களே அக்கா?

தர்சினி: ஒன்றால் வராது தம்பி. அடினோமாவில் அடிக்கடி பழுதாவது ஏபிசி ஜீன். பீட்டா கெடெனின் என்ற புரதத்தைச் சேரவிடாமல் அழிக்க அது வேண்டும், அது பழுதானால் புரதம் கருவுக்குள் போய்ச் செல்லைப் பிரியச் சொல்லித் துரத்திக்கொண்டே இருக்கும். அதோடு நின்றால் பல வருடம் வெறும் கட்டியாகவே கிடக்கலாம். டிபி53 ஜீனும் போனால் ஆபத்து கூடும், டிஎன்ஏ உடைந்த செல்லை மறித்து நிறுத்துவது அதுதான், இரைப்பைக் கான்சர்களில் ஏறத்தாழப் பாதியில் அது பழுதாகியிருக்கும். சிலருக்கு எம்எல்எச்1 ஜீனில் மீத்தைல் என்ற சின்ன இரசாயனத் துணுக்கு ஒட்டி அது அடங்கிப்போகும், அப்புறம் டிஎன்ஏ நகலில் வரும் பிழைகளைத் திருத்த ஆள் இல்லை.

பெரியம்மா: அதுதான் வெட்டியாச்சே, ஏன் திரும்பவும் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்?

தர்சினி: கட்டியைத்தான் எடுத்தார்கள் பெரியம்மா, வயிறு அதே வயிறுதான். மாமா, கடைசி வரியைப் பாருங்கள், "இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா, எச் பைலோரி பொசிட்டிவ்". சுற்றியுள்ள இடமும் குடலின் உட்தோல்போல மாறியிருக்கிறது. எச் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி வருடக்கணக்காக இருந்து செய்த வேலை அது. 1994இலேயே அந்தக் கிருமியை, மனிதருக்குக் கான்சர் உண்டாக்கக்கூடியது என்று நிரூபணமான முதல் வகையில் சேர்த்துவிட்டார்கள். கிருமியைக் கொல்லக் குழாய் விட்ட அன்று தந்த 14 நாள் மருந்தை, வாய் கசக்கிறது என்று 5ஆம் நாளே நிறுத்தினீர்களாம், மாமி சொன்னார். எனக்கு அதுதான் பயம், கட்டி இல்லை.

ராசன் மாமா: மிச்சத்தை இன்றிரவே போடட்டா?

தர்சினி: வேண்டாம் மாமா, நீங்களாகத் தொடங்காதீர்கள். நிறுத்தியதை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தரக்கூடும். முடித்து 4 வாரமாவது போன பிறகு மூச்சுப் பரிசோதனையில் கிருமி போய்விட்டதா என்று பார்க்கலாம்.

ராசன் மாமா: செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் போகும்போது நீயும் வருவாயா?

தர்சினி: நாலரைக்கு லாப் முடியும், வாசலில் நிற்பேன். ரிப்போர்ட்டோடு அந்த மிச்சக் குளிசைகளையும் கொண்டு வாருங்கள்.